நாய் நீச்சல்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. ‘எனக்குத் தெரிந்த கலை’ என்னும் தலைப்பில் ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒருவன் கோலம் போடுவதைப் பற்றி எழுதினான். ஒருவன் பம்பரம் விடுவதைப் பற்றி எழுதினான். உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன், “எனக்கு நாய் நீச்சல் தெரியும்” என்று தன் கட்டுரையைத் தொடங்கியிருந்தான். அதை வகுப்பில் படித்ததும் மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்துடன் நின்றேன் அல்லேன். சிவப்பு மையால் ‘நாய்’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, ‘நீச்சல்’ என்பது போதும், கொச்சை வேண்டா என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்.

அன்று நான் திருத்தியது பிழை அன்று, திருத்தியதுதான் பிழை. இதை உணர்வதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு சிறு சொல்லுக்குள் ஒரு நாட்டின் நீர்வரலாறும், மக்களின் உயிர்காக்கும் அறிவும் எவ்வாறு அடங்கியிருக்கின்றன என்பதையும், அச்சொல்லை நாம் எவ்வாறு இழிவாக்கிவிட்டோம் என்பதையும் இன்று மாணவர்களாகிய உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லை ஆராய்வோம். ‘நீந்து’ என்பது வினை. அதிலிருந்து ‘நீத்து’ என்னும் பெயர் பிறந்தது. இகர ஈகாரங்களின் பின்வரும் தகரம் பேச்சு வழக்கில் சகரமாவது தமிழில் இயல்பு. ‘கடித்து’ என்பது ‘கடிச்சு’ என்றாவதை நாள்தோறும் கேட்கிறோம். அவ்வாறே ‘நீத்து’ என்பது ‘நீச்சு’ ஆயிற்று; அதனோடு ‘அல்’ சேர ‘நீச்சல்’ ஆயிற்று. வெள்ளத்தைக் குறிக்கும் ‘நீத்தம்’ என்னும் பழஞ்சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. காலூன்றி நிற்கக்கூடிய ஆழத்திற்கு ‘நிலை’ என்று பெயர். நிற்க முடியாத ஆழத்திற்கு ‘நீத்து’ அல்லது ‘நீச்சு’ என்று பெயர். இன்றும் எங்கள் ஊர்களில் ஏரியில் இறங்கும் ஒருவனிடம், “அங்கே நிலை கொள்ளாது” என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். நிலை முடிகின்ற இடத்தில் நீத்துத் தொடங்குகிறது என்பதைத் தமிழன் தன் சொற்களிலேயே அளந்து வைத்தான்.

‘நீந்துதல்’ என்பதற்குக் ‘கடத்தல்’ என்னும் பொருளும் உண்டு. பிறவியைக் கடலாகவும் இறைவன் அடியைச் சேர்தலை அக்கடலை நீந்துதலாகவும் திருவள்ளுவர் முதல் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே உருவகம் செய்தார். ஆகவே நீந்துதல் என்றால் விளையாடுதல் அன்று. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு உயிரோடு சேர்தலே அதன் பொருள்.

இனி ‘நாய்’ என்னும் அடைமொழிக்கு வருவோம். தமிழில் நாய் என்னும் சொல் அடைமொழியாக வரும்போது இருவகைப் பொருள் தரும். ஒன்று உவமை, மற்றொன்று இழிவு. நாய்க்கடுகு, நாய்த்துளசி, நாய்க்குடை ஆகிய பெயர்களைப் பாருங்கள். உண்மையான கடுகு அன்று, வழிபாட்டுக்குரிய துளசி அன்று, மனிதன் பிடிக்கும் குடை அன்று என்பதைக் குறிக்கவே அங்கே நாய் வந்து நிற்கிறது. ‘நாய் நீச்சல்’ என்னும் தொடரில் முதற்பொருளாகிய உவமையே உரியது. நாய் நீரில் எவ்வாறு செல்லுமோ அவ்வாறு செல்லுதல் என்பதே அதன் கருத்து. ‘தவளை நீச்சல்’ என்பதைப் போன்றதே இது. ஆனால் தவளைக்கு வராத இழிவு நாய்க்கு வந்து ஒட்டிக்கொண்டது. உவமையாகப் பிறந்த சொல் வசையாக வளர்ந்துவிட்டது.

ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ருஷ்யம், ஜப்பானியம் ஆகிய மொழிகளிலும் இந்நீச்சலுக்கு நாயின் பெயரே வழங்குகிறது. ஒன்றோடொன்று தொலைவில் இருக்கும் நாடுகள் ஒரே விலங்கைச் சுட்டுவதற்குக் காரணம் எளிது. மனிதனோடு எல்லா நாட்டிலும் வாழ்ந்து, அவன் கண்முன்னே ஆற்றைக் கடந்த விலங்கு நாய். தரையில் ஓடுவது போலவே அது நீரிலும் கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கிறது. அதற்கென்று புதிதாக எதையும் கற்பதில்லை.

மனிதன் அவ்வாறு நீந்துவது எங்ஙனம்? குப்புறப் படுத்து, தலையை நீருக்கு மேலே உயர்த்தி, இரு கைகளையும் நீருக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக முன்னே நீட்டிக் கீழும் பின்னுமாக அள்ளித் தள்ளி, கால்களை உதைத்துச் செல்வதே நாய் நீச்சல். மற்ற நீச்சல்களில் மூச்சு விடுவதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். இதில் வாயும் மூக்கும் நீருக்கு மேலேயே இருப்பதால் அத்துன்பம் இல்லை. கண் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அச்சம் குறையும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் உடம்பின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திக்குச் சமம். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது உடம்பு மிதக்கவே செய்யும். ஆனால் நீருக்குள் இருக்கும் உறுப்பைத்தான் நீர் தாங்கும். வெளியே தூக்கிய உறுப்பு முழுச்சுமையாகி உடம்பைக் கீழே அழுத்தும். ஆர்க்கிமிடீசின் தத்துவத்தை அறிவியல் பாடத்தில் படித்தவர்களுக்கு இது விளங்கும். நீந்தத் தெரியாதவன் அச்சத்தால் கைகளை மேலே தூக்குகிறான். தூக்கிய கைகளே அவனை மூழ்கடிக்கின்றன. நாய் நீச்சலில் கைகள் நீரை விட்டு வெளியே வருவதில்லை. எளியதாகத் தோன்றும் இம்முறையின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

குறையும் உண்டு. தலை மேலே நிற்பதால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும், நீரின் தடை மிகும், விரைவு குறையும், சிறிது நேரத்தில் களைப்பு வரும். ஆகவே நெடுந்தொலைவிற்கு இது ஏற்றதன்று. சில பாகத் தொலைவில் இருக்கும் கரையைப் பற்றுவதற்கு இது போதும். நீரில் தவறி விழுபவருக்குப் பெரும்பாலும் வேண்டுவது அச்சில பாகத் தொலைவுதான்.

தமிழ் நாட்டில் நீச்சல் கலை மிகப் பழமையானது. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவர், கோலூன்றித் தளர்ந்து நடக்கும் முதுமைப் பருவத்தில் தம் இளமையை நினைக்கிறார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர் வியக்க ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். இழந்த இளமைக்கு அடையாளமாக அவர் போர்க்களத்தையோ செல்வத்தையோ நினைக்கவில்லை, நீச்சலை நினைத்தார். மற்றொரு புறம், கரிகாலனின் மருமகன் ஆட்டனத்தியைக் காவிரி கொண்டு சென்றதையும், அவன் மனைவி ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் பழைய நூல்கள் கூறுகின்றன. நீர் மகிழ்ச்சியும் தரும், துயரமும் தரும் என்பதைச் சங்ககாலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

என் மண்ணாகிய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கு வருகிறேன். இவ்விரண்டும் முன்பு ஒன்றாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தவை. தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, இடையே மருதையாறு. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இடைப்பகுதியில் இல்லாமையால், ஏரியும் கிணறுமே மக்களை வாழவைத்தன. முதலாம் இராசேந்திர சோழன் (1014–1044) கங்கை வரை படை செலுத்திய வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்தபோது, அதனருகே சோழகங்கம் என்னும் பேரேரியையும் வெட்டினான். கங்கைநீரைக் கொண்டுவந்து சேர்த்து, நீராலாகிய வெற்றித்தூணாக அதனை நிறுவினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. இன்று மக்கள் அதனைப் பொன்னேரி என்பர். கல்லால் தூண் நாட்டிய அரசர் பலர். நீரால் தூண் நாட்டியவன் இவன்.

ஏரி வெட்டினால் போதாது. அதனைக் காக்க வேண்டும். பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்னும் மதகு அமைப்பு இருந்தது. கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே ஆழமான இடத்தில் அது நிற்கும். நீரோடித் துளை வழியே பாசனநீர் செல்லும்; சேறோடித் துளை வழியே வண்டல் வெளியேறும். ஏரி நிறைந்திருக்கும்போது ஒருவன் நீந்திச் சென்று, மூச்சடக்கி மூழ்கி, அதன் அடைப்பைத் திறக்க வேண்டும். அவன் திரும்பி வராமற்போவதும் உண்டு. ஊரார் உண்ட ஒவ்வொரு கவளச் சோற்றின் பின்னும் நீந்தத் தெரிந்த ஒருவனுடைய துணிவு இருந்தது. அவனும் குழந்தைப் பருவத்தில் ஏரிக்கரையில் கைகால்களை அடித்துக்கொண்டுதான் தொடங்கியிருப்பான்.

ஏரியை விடவும் எங்கள் பகுதிச் சிறுவர்களுக்கு நீச்சல் பள்ளியாக விளங்கியது வயற்கிணறு. கவலை ஏற்றத்தில் மாடுகள் சாலை இழுத்த காலத்திலும், பின்னர் எண்ணெய் எந்திரம் வந்த காலத்திலும், கிணறுகள் அகன்று கிடந்தன. பக்கச் சுவரில் படிகள் இருந்தன. தந்தையோ தாய்மாமனோ, காய்ந்த சுரைக்குடுக்கையையோ வாழைத்தண்டையோ சிறுவனின் முதுகில் கட்டுவார். இடுப்பில் கயிறு கட்டி ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொள்வார். நாலு நாளில் குடுக்கை ஒன்று குறையும். பத்து நாளில் கயிறும் கழன்றுவிடும். அப்போது சிறுவன் எப்படி நீந்துவான்? நாய் நீச்சல்தான். அதன் பிறகே மல்லாந்து நீந்துதல், முங்கு நீச்சல் எல்லாம். எழுத்துக்கு அரிச்சுவடி எப்படியோ அப்படியே நீச்சலுக்கு நாய் நீச்சல். அரிச்சுவடியைப் பார்த்து எவரேனும் நகைப்பரோ?

அரிச்சுவடி என்றதும் வேறொரு நினைவு வருகிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் கொள்ளிடத்திற்கு அண்மையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்தார். செய்யுளாக மனப்பாடம் செய்யப்பட்டு வந்த நிகண்டுகளுக்கு மாறாக, சொற்களை அகரவரிசையில் அடுக்கி 1732ஆம் ஆண்டில் ‘சதுரகராதி’யை இயற்றினார். சொல்லை யாரும் எளிதில் தேடிக் காணும்படி செய்த அப்பெரியார் வாழ்ந்த மண்ணில் ஆசிரியனாக இருந்துகொண்டு, ஒரு மாணவனின் சொல்லை நான் அடித்தேன். மக்கள் நாவில் வாழும் சொல்லைப் போற்றித் தொகுப்பவன் புலவன்; அதன் பயனை ஆராயாமல் அடிப்பவன் வெறும் சிவப்பு மைக்காரன்.

மேனாட்டு வரலாற்றையும் சிறிது நோக்குவோம். எழுத்தும் அறியான், நீச்சலும் அறியான் என்பது கல்லாதவனைக் குறிக்கப் பண்டைக் கிரேக்கர் வழங்கிய மொழி. கல்வியையும் நீச்சலையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்தனர். 1538ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் வின்மன் நீச்சலைப் பற்றி நூல் எழுதினார். நீரில் இறப்போரைக் குறைப்பதே அவருடைய நோக்கம். 1587ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞரான எவரார்டு டிக்பி இலத்தீன் மொழியில் எழுதிய நூலில், படங்களோடு பலவகை நீச்சல்களை விளக்கினார். நாயைப் போல் நீந்துவதும் அவற்றுள் ஒன்று. பல்கலைக்கழக அறிஞர் ஒருவர் அதைக் கற்பிக்கத்தக்க முறையாகவே எண்ணினார்.

பிறகு நீச்சல் போட்டிக் கலையாயிற்று, விரைவே பெருமையாயிற்று. 1844ஆம் ஆண்டில் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் லண்டன் குளம் ஒன்றில் நீந்திக் காட்டினர். கைகளைக் காற்றாடி போல நீருக்கு மேலே வீசி அவர்கள் விரைந்தனர். தவளை நீச்சலுக்குப் பழகிய ஆங்கிலேயர் அதை நாகரிகமற்ற செயல் என்று கருதினர். 1875ஆம் ஆண்டில் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோதும் தவளை நீச்சலையே கையாண்டார். ஆனால் கைகளை மேலே வீசும் அந்த முறையின் வழித்தோன்றலே இன்று ஒலிம்பிக் பந்தயங்களில் எல்லாவற்றிலும் விரைந்த நீச்சலாக விளங்குகிறது. நேற்று இகழப்பட்டது இன்று புகழப்படுகிறது. நீச்சலில் உயர்வு தாழ்வு என்பது நீரின் தீர்ப்பன்று. கரையில் நிற்பவர்களின் தீர்ப்பு.

தமிழரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 1954ஆம் ஆண்டில் ஈழத்து நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறை ஆனந்தன் அந்நீரிணையை இருமுறையாகப் போய் மீண்டு கடந்தார். 1994ஆம் ஆண்டில் சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளை ஒரே ஆண்டில் கடந்து உலகை வியக்கச் செய்தான். இவர்களின் புகழ் நமக்குப் பெருமை தருவதே. ஆனால் ஒரு நாட்டின் நீச்சல் திறனைக் கடல் கடந்த சிலரைக் கொண்டு அளப்பதா, கிணற்றில் விழுந்தால் கரையேறக்கூடிய பலரைக் கொண்டு அளப்பதா என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீச்சலுக்கும் எல்லை உண்டு என்பதை எங்கள் மருதையாறு கற்பித்திருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல். மாடு மேய்ப்பவர் கால் நனையாமல் கடப்பர். வடகிழக்குப் பருவமழை கொட்டினால் சில மணி நேரத்தில் பெருவெள்ளமாகும். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே வந்தபோது, மருதையாற்று வெள்ளத்தால் பாலம் சிதைந்து, எஞ்சினும் பெட்டிகளும் நீரில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மெகபூப்நகர் விபத்தின்போதே பதவி விலக முன்வந்து, ஏற்கப்படாமையால் தொடர்ந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூர் விபத்திற்குத் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த அந்தத் துயரத்தைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பூட்டிய பெட்டிக்குள் இருளில் சிக்கியவருக்கு எந்த நீச்சலும் உதவுவது அரிது. ஆகவே நாய் நீச்சல் தெரிந்தவன் எவ்வெள்ளத்தையும் வெல்வான் என்று நான் கூறமாட்டேன். பொறுப்பானவர்கள் பாலத்தைக் காக்க வேண்டும். கரையைக் காக்க வேண்டும். அதன்மேல் மக்களுக்கு நீச்சலும் வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

காலப்போக்கில் எங்கள் பகுதியின் நீர் மாறியது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் கீழே இறங்கியது. வயற்கிணறுகள் வறண்டு முள் மண்டின. பாட்டன் நீந்திய கிணற்றில் பேரன் எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரிந்தது. அதே காலத்தில் வேறோர் இடத்தில் நீர் தேங்கத் தொடங்கியது. அரியலூர் மண் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த மண். அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இன்றும் அங்கே சுருள் வடிவான அம்மோனைட்டுப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. அச்சுண்ணாம்புக்கல்லைத் தேடிச் சிமெண்டு ஆலைகள் வந்தன, வேலை வந்தது, அதனோடு வெட்டிய குழிகளும் வந்தன. வெட்டி முடித்துக் கைவிட்ட குழிகளில் மழைநீர் நிறைந்தது. கிணற்றுக்குப் படி உண்டு. ஏரிக்குச் சரிந்த கரை உண்டு. இக்குழிகளுக்கு இரண்டும் இல்லை. ஓரத்தில் ஓரடி வைத்தால் நிலை. அடுத்த அடியில் நீச்சு. ஆக, நீச்சல் கற்கும் நீர் மறைந்தது. நீச்சல் தெரியாதவனை விழுங்கும் நீர் பெருகியது.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில், ஒவ்வொரு விடுமுறைக்கு முன்பும் இறைவணக்கக் கூட்டத்தில், “நீர்நிலைகளின் பக்கம் போகாதீர்கள்” என்று அறிவுரை கூறுவேன். அதனோடு என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். ஒரு பொங்கல் விடுமுறையில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் அத்தகைய குழி ஒன்றின் ஓரத்தில் கால் கழுவச் சென்று வழுக்கி விழுந்தனர். ஒருவன் கரையேறினான், மற்றவன் மாலையில்தான் கிடைத்தான்.

மறுநாள் இறந்த பிள்ளையின் வீட்டிற்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்த தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க அப்பா எனக்குக் கிணத்துல கத்துக் குடுத்தாருங்க ஐயா. எம் புள்ளைக்குக் கத்துக் குடுக்கக் கிணத்துல தண்ணி இல்லீங்களே” என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் என்னால் அங்கே நிமிர்ந்து நிற்க இயலவில்லை.

உயிர் பிழைத்தவனையும் பார்த்தேன். “எப்படியப்பா கரை சேர்ந்தாய்?” என்று கேட்டேன். ஆற்றோரத்தில் இருக்கும் பாட்டி வீட்டிற்குப் போகும்போது கற்றுக்கொண்டதாகச் சொன்னான். பின்பு, செய்யத்தகாததைச் செய்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு, “நாய் நீச்சல்தாங்க ஐயா தெரியும். நல்ல நீச்சல் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவனையும் இழுத்திருப்பேன்” என்றான்.

தன் உயிரைக் காத்த அறிவைச் சொல்ல அந்தச் சிறுவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தை அவனுக்கு யார் கற்பித்தார்கள்? பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு வகுப்பில் சிவப்பு மையால் ‘நாய்’ என்பதை அடித்த என் கை நினைவிற்கு வந்தது. “நீ செய்தது நல்ல நீச்சல்தான். அவனை இழுக்க நீ முயன்றிருந்தால் இருவரையும் இழந்திருப்போம்” என்று மட்டும் அவனிடம் கூறினேன்.

அதன் பிறகு என் அறிவுரையை மாற்றிக்கொண்டேன். போகாதே என்று சொல்வது எச்சரிக்கை. அது கல்வி ஆகாது. பெற்றோர் சிலரின் துணையோடு, நீர் வற்றாத, படியுள்ள ஒரு கிணற்றைத் தேர்ந்தோம். கோடை விடுமுறையில் நீந்த வல்ல பெரியவர் நால்வர் முன்னிலையில், இடுப்பில் கயிறு கட்டிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். பெண்பிள்ளைகளுக்கு, நீந்தத் தெரிந்த தாய்மார் இருவர் தனி நேரத்தில் கற்பித்தனர். எவரையும் தள்ளிவிட்டுக் கற்பிக்கவில்லை. அச்சம் ஆசிரியன் ஆகாது. நாய் நீச்சலில் கிணற்றைக் குறுக்கே கடந்து, பின் சிறிது நேரம் மல்லாந்து மிதக்கக் கற்றவன் தேறியவன் என்று கணக்கிட்டோம். மூழ்குபவனைக் கண்டால் குதிக்காமல் கயிறோ கழியோ துண்டோ நீட்ட வேண்டும், உரக்கக் கூவிப் பெரியவரை அழைக்க வேண்டும் என்பதையும் பாடமாக வைத்தோம். நான் ஓய்வு பெறும் வரை கோடைதோறும் இது நடந்தது. பெரிய சாதனை என்று இதைக் கூறவில்லை. காலம் தாழ்த்திச் செய்த கடமை என்றே கூறுகிறேன்.

உலக அளவிலும் இக்கருத்து வலுப்பெற்றிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாளொன்றுக்கு 800 பேருக்கு மேல் என்பது அதன் பொருள். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும், நீர்ப் பாதுகாப்பையும், தனக்கு ஊறு வாராமல் பிறரைக் காக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்று அந்நிறுவனம் வலியுறுத்துகிறது. ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. பேரறிஞர் பலர் கூடிச் சொல்லும் இந்த ‘அடிப்படை நீச்சல்’ எது? குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிய நம் பாட்டன்மார் கற்பித்த அதே நீச்சல்தான்.

மாணவர்களே, ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடாதீர்கள். அச்சொல் எவ்வகை வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பதையும் தேடுங்கள். வாழ்க்கை மாறும்போது சொல்லின் பொருளும் தேயும். கிணறுகள் நிறைந்திருந்தபோது நாய் நீச்சல் என்பது தொடக்கத்தின் பெயராக இருந்தது. கிணறுகள் வறண்டபின் அது வெறும் ஏளனமாக எஞ்சியது. கலை போய்விட்டது; கேலி நின்றுவிட்டது. எந்தத் துறையிலும் முதற்படியை இகழும் சமுதாயம் மேற்படிக்கு ஆள் இல்லாமல் தவிக்கும்.

கிரேக்கர் கூறிய இரண்டினுள் எழுத்தை உங்களுக்கு நாங்கள் கற்பித்தோம். மற்றொன்றைக் கற்பிக்கத் தவறினோம். அடுத்த கோடையில், உங்கள் ஊரில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்று, பெற்றோர் இசைவோடு, அவர் கயிறு பிடிக்க, நீரில் இறங்குங்கள். பிறகு எவரேனும் உங்களுக்கு என்ன நீச்சல் தெரியும் என்று கேட்டால், தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: எனக்கு நாய் நீச்சல் தெரியும் என்று. அதை எந்த ஆசிரியரும் இனி அடிக்கமாட்டார்.